மூட்டை தூக்கத் தெரிஞ்ச ஊருக்கு ஒரு பளு மேடை

கரிசக்காட்டுக்காரனுக்கு எடையைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யூரியா மூட்டை 45 கிலோ. 2018-க்கு முன்னால 50 கிலோவா இருந்தது. டி.ஏ.பி. இன்னைக்கும் 50 கிலோ. எங்க அப்பா காலத்துல சாக்குன்னாலே 100 கிலோ சாக்குதான். அதை ஒத்தை ஆளா முதுகுல வாங்கி லாரியில ஏத்துன லோடுமேன்கள் இன்னும் ஊர்ல இருக்காங்க. பாதிப்பேருக்கு இடுப்பு நிமிராது. களத்துல உளுந்து அடிச்சு மூட்டை கட்டினதும், கையால லேசா அசைச்சுப் பார்த்தே "அம்பத்திரண்டு இருக்கும் அண்ணாச்சி"ன்னு சொல்ற ஆள் எங்க ஊர்ல நாலு பேராவது தேறும். தராசுல வச்சா அரை கிலோ முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

இப்படி எடையோடயே பிறந்து வளர்ந்த ஊர்ல, பளுதூக்குதல்னு ஒரு விளையாட்டு இருக்கிறது ஒலிம்பிக் சமயத்துலதான் ஞாபகத்துக்கு வருது. டீக்கடை டிவியில மீராபாய் சானு கம்பியைத் தலைக்கு மேல நிறுத்துறப்ப எல்லாரும் கைதட்டுவோம். பிறகு சேனலை மாத்திடுவோம். "இது என்ன பெரிய விசயம், நம்ம லோடுமேன் இதைவிட அதிகமாத் தூக்குவான்"னு ஒரு குரலும் தவறாம வரும்.

அந்தப் பேச்சு சரியில்லைன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். பாரம் சுமக்கிறது வேற, பளு தூக்குறது வேற. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டாவதைக் கத்துக்கொடுக்க வேண்டிய காலம் வந்தாச்சு. மழையை நம்பி வாழுற இந்தப் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேற இல்ல என்பது என் கட்சி.

முதல்ல அந்த விளையாட்டு எப்படின்னு பார்த்துடுவோம்.

போட்டியில மொத்தம் ரெண்டு வகைத் தூக்குதான். முதலாவது ஸ்நாட்ச். தரையில கிடக்கிற கம்பியை அகலமாப் பிடிச்சு, நடுவுல எங்கேயும் நிறுத்தாம ஒரே இழுப்புல தலைக்கு மேல கொண்டுபோகணும். ரெண்டாவது கிளீன் அண்ட் ஜெர்க். இதுல முதல்ல கம்பியைத் தோள் மேல வாங்கி, எழுந்து நின்னு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் அங்கிருந்து மேல தள்ளணும். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு வாய்ப்பு. ஸ்நாட்ச்சுல தூக்குன அதிகபட்சத்தையும் ஜெர்க்குல தூக்குன அதிகபட்சத்தையும் கூட்டினா அதுதான் மொத்தக் கணக்கு. முன்காலத்துல பிரெஸ்னு மூணாவது வகை ஒண்ணு இருந்தது. முதுகைப் பின்னால வளைச்சு வளைச்சு ஏமாத்தித் தூக்க ஆரம்பிச்சதால, சரியா தப்பான்னு தீர்ப்புச் சொல்ல முடியாமப் போச்சு. முதுகுக்கும் கேடு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோட அதை எடுத்துட்டாங்க.

ஆண்களுக்கான கம்பி 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தட்டுகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. தூரத்துல இருந்து நிறத்தைப் பார்த்தே எடையைக் கணக்குப் போட்டுடலாம். மேடை நாலு மீட்டருக்கு நாலு மீட்டர். நம்ம ஊர்க் களத்துல ஒரு மூலை போதும்.

இதுல நம்ம ஆட்களுக்குப் புரியாத ஒரு சூட்சுமம் இருக்கு. கம்பியை மேலே தூக்குறது பாதி வேலைதான். மீதிப் பாதி, கம்பிக்கு அடியில போறது. கம்பி இடுப்பு உயரம் தாண்டி வேகம் எடுத்த அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல, வீரர் சடார்னு குத்தவச்சுக் கீழே இறங்கி அதை ஏந்திக்கிறார். அப்புறம்தான் எழுந்து நிக்கிறார். நல்லா யோசிச்சுப் பார்த்தா நம்ம லோடுமேனும் இதைத்தான் செய்யிறார். மூட்டை அவரைத் தேடி மேலே வர்றதில்லை. அவர்தான் குனிஞ்சு மூட்டைக்கு அடியில போறார். வித்தியாசம் என்னன்னா, பளுதூக்குற பிள்ளைக்கு முதுகு எப்படி நிமிர்ந்து இருக்கணும், பாதம் எவ்வளவு அகலம் இருக்கணும்னு வெறும் கம்புல வருசக்கணக்காப் பழக்கி இருப்பாங்க. லோடுமேனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்ல. இடுப்பு போனபிறகுதான் அவருக்குத் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. மேடையில முடியலைன்னா கம்பியைக் கீழே விட்டுடலாம். ரப்பர் தட்டு, குதிச்சு அடங்கிடும். அதுல அவமானம் இல்ல. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு. மூட்டையை நடுவழியில போட முடியுமா? போட்டா சாக்கு கிழியும், கூலி போகும், பேச்சு வேற வாங்கணும். இறக்கி வைக்கிற உரிமை உள்ளவன் தூக்குற எடைக்குப் பேர் பளு. அந்த உரிமை இல்லாதவன் தூக்குறது சுமை.

அடுத்து தீர்ப்பு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மேடையைச் சுத்தி மூணு நடுவர் இருப்பாங்க. சரின்னா வெள்ளை விளக்கு, தப்புன்னா சிவப்பு விளக்கு. மூணுல ரெண்டு வெள்ளை வந்தாத்தான் தூக்கு செல்லும். கம்பி மேலே போனபிறகு முழங்கை மடங்கி மறுபடி நீட்டினா சிவப்பு. ரெண்டு பாதமும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து அசையாம நிக்கலைன்னா சிவப்பு. நடுவர் இறக்கச் சொல்றதுக்கு முன்னால இறக்கினாலும் சிவப்பு. இறக்கும்போதுகூட தோள் மட்டத்துக்குக் கீழ வர்ற வரைக்கும் கையை விடக்கூடாது. இத்தனையும் எல்லார் கண் முன்னாலயும் நடக்குது. எத்தனை கிலோ என்பதை உரக்க அறிவிச்சுட்டுத்தான் தூக்கவே விடுறாங்க.

நம்ம பொழைப்புல எடை இப்படியா நடக்குது? விளைஞ்சதை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னாங்க. சாக்கு எடை, தூசி, ஈரம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். காலையில இருந்து தொண்டைத் தண்ணி வத்த நின்னதுக்கு, தராசு முள்ளைப் பார்க்கக்கூட நம்மளைக் கிட்ட விடலை. கேட்டா, "இஷ்டம் இருந்தா இறக்குங்க, இல்லாட்டி ஏத்திக்கிட்டுப் போங்க அண்ணாச்சி." வாழ்நாள் பூரா எடையில ஏமாந்த கூட்டம் நாம. அதனாலதானோ என்னவோ, ஒரு கிலோ தூக்கினா ஒரு கிலோன்னு எல்லார் முன்னாலயும் எழுதுற அந்த மேடையைப் பார்த்தா எனக்கு மரியாதை வருது. அங்க சாதி பார்த்துத் தட்டு கனம் குறையாது. யாரோட சிபாரிசும் கம்பியைத் தூக்கிவிடாது. கிரிக்கெட்ல, கபடியில அணிக்கு ஆள் எடுக்கிற இடத்துல என்னென்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். இங்க தேர்வுக்குழுவைவிட எண்ணுக்குப் பலம் அதிகம்.

பலம் மட்டும் போதும்னு நினைச்சா அதுவும் இல்ல. இது பாதி கணக்கு விளையாட்டு. கம்பியில எடை ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காது. குறைஞ்ச எடை கேட்டவர் முதல்ல தூக்கணும், அதிகம் கேட்டவர் பின்னால வரணும். பேர் கூப்பிட்டதும் ஒரு நிமிசம்தான். ஒரே ஆள் தொடர்ந்து தூக்குறதா இருந்தா ரெண்டு நிமிசம். ஒவ்வொரு முயற்சிக்கும் கேட்ட எடையை ரெண்டு தடவை மாத்திக்கலாம். அதனால பின்கட்டுல பயிற்சியாளர்கள் காகிதமும் பேனாவுமா அலைவாங்க. எதிராளி என்ன கேட்கிறான், நாம ஒரு கிலோ கூட்டிக் கேட்டா நம்ம பையனுக்கு எத்தனை நிமிசம் மூச்சு வாங்கக் கிடைக்கும்னு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஏலத்துல உட்கார்ந்த வியாபாரி மாதிரிதான்.

ஒரு கிலோ என்ன பாடுபடுத்தும் என்பதற்கு ரெண்டு உதாரணம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி, 55 கிலோ பிரிவு. மகாராஷ்டிரா சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கர். அப்பாவுக்கு வெத்தலை பாக்குக் கடையும் டீக்கடையும். ஸ்நாட்ச்சுல 113, ஜெர்க்குல முதல் முயற்சியிலேயே 135, மொத்தம் 248. அடுத்த முயற்சியில முழங்கை போயிடுச்சு. மீதி ரெண்டு முயற்சியும் வீண். மலேசிய வீரர் 249 தூக்கித் தங்கம் வாங்கிட்டுப் போனார். ஒரே ஒரு கிலோ. அடுத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக், 49 கிலோ பிரிவு. மீராபாய் 88, 111, மொத்தம் 199. மூணாவது வந்த தாய்லாந்துப் பெண் 200. அங்கேயும் ஒரு கிலோ. கடைசி முயற்சியில மீராபாய் கேட்ட 114 மட்டும் மேலே நின்னிருந்தா பதக்கம்.

இன்னும் பழசு ஒண்ணு சொல்றேன். 2000 சிட்னி ஒலிம்பிக்லதான் பெண்களுக்குப் பளுதூக்குதல் முதல்முதலா வந்தது. ஆந்திரா ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவுல 110, 130, மொத்தம் 240 தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண் அவர்தான். அவருக்கு மேல இருந்த சீனப் பெண்ணும் ஹங்கேரிப் பெண்ணும் ஆளுக்கு 242.5 கிலோ. சமம். அப்ப தங்கம் யாருக்கு? உடம்பு எடை குறைஞ்ச சீனப் பெண்ணுக்கு. அன்னைக்கு அதுதான் விதி. இப்ப அதை மாத்தி, அந்த மொத்தக் கணக்கை முதல்ல எட்டினவருக்குன்னு வச்சிருக்காங்க.

"அதெல்லாம் மணிப்பூர்க்காரங்க, பஞ்சாப்காரங்க சமாச்சாரம், நமக்கு ஏது"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1978-ல கனடாவின் எட்மன்டன் நகரத்துல நடந்த காமன்வெல்த் போட்டியில, 52 கிலோ பிரிவுல தங்கம் வாங்கினவர் ஏகாம்பரம் கருணாகரன். 56 கிலோ பிரிவுல வெள்ளி வாங்கினவர் தமிழ்செல்வன். ரெண்டு பேரும் நம்ம தமிழ்நாட்டுக்காரங்க. அப்புறம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோவுல 77 கிலோ பிரிவுல ஸ்நாட்ச் 149, ஜெர்க் 179, மொத்தம் 328 தூக்கித் தங்கம். 179 கிலோன்னா நாலு யூரியா மூட்டைக்கு ஒரே ஒரு கிலோ குறைச்சல். தோள்ல சாய்ச்சு வச்சு இல்ல. கை ரெண்டையும் நீட்டித் தலைக்கு மேல. 2018 கோல்டு கோஸ்ட்ல 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். தெற்கு ரயில்வேயில வேலை. அவங்க அப்பா சிவலிங்கம் ராணுவத்துல இருந்தவர், தேசிய அளவுல பளு தூக்கினவர். பிறகு காவலாளி வேலை பார்த்துத்தான் குடும்பத்தை நடத்தினார்.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. ஒரு ஊர்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்து, ஒரு கம்பியும் இருந்தாப் போதும். அப்பாகிட்ட இருந்து மகனுக்கு, அண்ணன்கிட்ட இருந்து தம்பிக்குன்னு அந்தக் கலை தானாப் பரவும். சத்துவாச்சாரியில அப்படித்தான் பரவியிருக்கு. நம்ம கோவில்பட்டியில ஹாக்கி பரவினதும் அதே கதைதானே? தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன ஊர்ல ஹாக்கி மட்டையோட சைக்கிள்ல போற பையன்களை இன்னைக்கும் பார்க்கலாம். அந்த மண்ணுல இருந்துதான் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில இந்திய அணிக்கு ஆடினார். ஊர்ல ஒரு தலைமுறை ஆடினது, அடுத்த தலைமுறைக்கு செயற்கைப் புல் மைதானமா வந்து நின்னுச்சு. ஹாக்கியால முடிஞ்சது பளுதூக்குதலால முடியாதா?

இன்னும் சொல்லப்போனா நமக்குத் தொடக்கமே வேற எங்கேயோ தேட வேண்டாம். இளவட்டக்கல் கிடக்காத பழைய ஊர் நம்ம தெக்குச் சீமையில குறைவு. பிடி கிடைக்காத வழுவழுன்னு ஒரு உருண்டைக் கல். குத்தவச்சு ரெண்டு கையாலயும் அணைச்சு, முட்டுக்கு ஏத்தி, தொடைக்கு ஏத்தி, நெஞ்சோட உருட்டித் தோளுக்குக் கொண்டுவந்து பின்னால போடணும். கல்யாணக்கல்னும் அதுக்கு ஒரு பேர். தூக்குனாத்தான் பொண்ணுன்னு பெரியவங்க கதை சொல்வாங்க. திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கம் வடலிவிளையில பொங்கல்தோறும் இன்னமும் போட்டி நடக்குது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட கல்லும் அங்க உண்டு. பெண்களும் கலந்துக்கிறாங்க.

எனக்கு இளவட்டக்கல் மேல மரியாதை உண்டு. ஆனா அதோட நின்னுட்டா போதாதுன்னு நினைக்கிறேன். வருசம் முழுக்க எந்தப் பயிற்சியும் இல்லாம, தைப்பொங்கல் அன்னைக்கு நாலு பேர் உசுப்பேத்தி விட்டு 100 கிலோ கல்லைத் தூக்கச் சொல்றது வீரம் இல்ல, வம்பு. கல்லுல 60-க்கு அடுத்தது 98-ன்னு இருந்தா, நடுவுல படி கிடையாது. கம்பியில அரை கிலோ தட்டுகூட இருக்கு. இன்னைக்கு 40, அடுத்த மாசம் 42, அதுக்கடுத்த மாசம் 43-ன்னு ஏத்திக்கிட்டே போகலாம். உடம்பு அதுக்குத் தக்கன தன்னைத் தயார் பண்ணிக்கும். கல் ஒருத்தனுக்குப் பலம் இருக்கா இல்லையான்னு சோதிக்கும். பலத்தை வளர்த்துக் கொடுக்கிறது கம்பிதான்.

சரி, ஏன் குறிப்பா நம்ம கரிசல் பூமிக்கு இது பொருந்தும்? காரணம் சொல்றேன்.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில மழை விழுந்துட்டா மைதானம்னு ஒண்ணு கிடையாது. கரிசல் மண் காலைப் பிடிச்சா செருப்போட விடாது. சித்திரை, வைகாசியில அதே மண்ணு வெடிச்சு, விரல் போற பிளவா கிடக்கும். ஓடினா கணுக்கால் பிசகும். பளு மேடைக்கு ஒரு கூரை, ஒரு காங்கிரீட் தளம், மேல கெட்டிப் பலகை. மழையும் ஒண்ணு, வெயிலும் ஒண்ணு. அணிக்குப் பதினோரு பேர் சேர வேண்டாம். எங்க ஊர் மாதிரி பாதிப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயிட்ட ஊர்ல பதினோரு பேர் சேர்க்கிறதே பெரும்பாடு. இங்க மூணு பிள்ளைகள் இருந்தாலும் பயிற்சி நடக்கும். பயிருக்கு ஆள் தேவைப்படுற பருவத்துல காலையில காட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் பழகலாம். ஒரு நல்ல கம்பி வாங்கினா, எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சா, பல வருசம் உழைக்கும்.

பெண் பிள்ளைகளைப் பத்தித் தனியாச் சொல்லணும். "பொம்பளைப் பிள்ளைக்கு இரும்பு எதுக்கு?"ன்னு முதல் ஆளாக் கேட்கிறது நம்ம வீட்டுப் பெரியவங்கதான். அதே வீட்ல அந்தப் பிள்ளை ரெண்டு குடம் தண்ணி சுமக்குது, சீமைக்கருவேல விறகுக் கட்டைச் சும்மாடு வச்சுத் தலையில கொண்டுவருது. அதுக்கு யாரும் கேள்வி கேட்டதில்லை. மீராபாய் சானுவும் மணிப்பூர்ல நோங்போக் காக்சிங் கிராமத்துல சின்ன வயசுல விறகு சுமந்த பிள்ளைதான். அஞ்சடிகூட உயரம் இல்ல. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல 87, 115, மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். 115 கிலோன்னா ரெண்டரை மூட்டை யூரியாவுக்கு மேல. அதுக்கு முன்னால 2016 ரியோவுல ஜெர்க் மூணு வாய்ப்பும் போய், மொத்தக் கணக்கே இல்லாமத் திரும்பி வந்தவர். விதி அப்படித்தான், ஒரு வகையில மூணும் தவறினா மொத்தமும் இல்ல. அடுத்த வருசமே உலக சாம்பியன் ஆனார். ரெண்டு வருசம் விளைச்சல் பொய்ச்சும் மூணாவது வருசம் உழவு ஓட்டுற நமக்கு அந்த மனசு புரியாமப் போகாது.

இனி, இதுக்கு எதிரா வர்ற பேச்சுகள். சிலதுல நியாயமும் இருக்கு.

"பிள்ளை வளராம குட்டையாயிடும்." இது வெறும் பயம். முறையான பயிற்சியாளர் கண் பார்வையில, வயசுக்கு ஏத்த எடையில பழகினா வளர்ச்சி நிக்காது. பளுதூக்குறவங்கள்ல குட்டையா நிறையப் பேர் இருக்கிறது, தூக்கினதால குட்டையானதில்லை. கை கால் கட்டையா இருக்கிறவங்களுக்குக் கம்பி போகவேண்டிய தூரம் குறைவு, அதனால அவங்க இதுல நிலைக்கிறாங்க.

"முதுகு போயிடும்." தானாப் பழகினா போகும், மறுக்கலை. செல்போன்ல பார்த்துக்கிட்டு சிமெண்ட் டப்பாவுல காங்கிரீட் ஊத்திக் கம்பி சொருகித் தூக்குற பையன்களைப் பார்த்தா எனக்கும் பதறுது. அதனாலதான் கம்பிக்கு முன்னால பயிற்சியாளர் வேணும்னு சொல்றேன். முதல் ஆறு மாசம் வெறும் கம்புதான்னு சொல்றவர் நல்ல பயிற்சியாளர். வந்த வாரமே தட்டு ஏத்துறவர்கிட்ட பிள்ளையை விடாதீங்க.

"சாப்பாட்டுக்கு எங்க போறது?" உண்மையான கேள்வி இதுதான். கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு இதைச் செய்ய முடியாது. முட்டை, பால், பயறு, கறி தினசரி வேணும். ஒரு கூலிக்குடும்பத்துக்கு இது பாரம்தான். இதுல ஊரும் அரசாங்கமும் பங்கு எடுக்காம நடக்காது. ஆனா நாம விளைவிக்கிற உளுந்தும் பாசியும் கடலையும் நம்ம பிள்ளை தட்டுல விழாம மொத்தமும் கடைக்குப் போகுதே, அதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

அடுத்தது ஊசியும் மருந்தும். இதைப் பூசி மெழுகக் கூடாது. இந்த விளையாட்டோட பெரிய சாபமே இதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ல ஆண்கள் 94 கிலோ பிரிவை எடுத்துக்கோங்க. மேடையில பதக்கம் வாங்கின மூணு பேரும் பின்னால நடந்த மறுசோதனையில மாட்டி, பதக்கத்தை இழந்தாங்க. அஞ்சாவதா வந்த ஈரான் வீரருக்குத் தங்கம் போச்சு. ஒன்பதாவதா வந்த போலந்து வீரருக்கு வெண்கலம் போச்சு. அந்தப் போலந்துக்காரரும் 2016 ரியோவுல மருந்து விசயத்துல மாட்டினார். நம்ம நாட்டுக்காரங்களும் இதுல சுத்தம் இல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்லயே ரெண்டு இந்திய வீராங்கனைகள் பிடிபட்டாங்க. டவுன்ல சில ஜிம்முகள்ல டப்பா மாவும் ஊசியும் கைமாறுது. "மூணு மாசத்துல உடம்பு"ன்னு சொல்றவன் யாரா இருந்தாலும், அவன் நம்ம பிள்ளையோட ஈரலையும் இதயத்தையும் விலை பேசுறான்னு அர்த்தம். விளைச்சலுக்கு அவசரப்பட்டு உப்பை அள்ளிக் கொட்டி மண்ணைக் கெடுத்துக்கிட்ட நமக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

"இதனால வேலை கிடைக்குமா?" நிச்சயம்னு யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கு. ரயில்வே, ராணுவம், போலீஸ்ல வழி இருக்கு. ஆனா நூறு பிள்ளைகள் பழகினா எல்லாருக்கும் அது கிடைக்காது. மீதிப் பேருக்கு என்ன மிஞ்சும்னா, நிமிர்ந்த முதுகும், எப்படிக் குனிஞ்சு எப்படி எழணும்ங்கிற அறிவும். நம்ம பொழைப்புக்கு அது சின்ன விசயமா?

என்ன செய்யலாம்? 2024-ல அரசாங்கம் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்னு தொகுப்பு கொடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல திட்டம்தான். ஆனா பொருள் வந்தா விளையாட்டு வந்துடாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம அட்டைப்பெட்டி பிரிக்காம ஒரு ஊராட்சி அலுவலகத்துல கிடந்ததை நானே பார்த்தேன். அதனால ஊருக்கு ஒரு மேடை கேட்கலை. ஒன்றியத்துக்கு ஒண்ணு போதும். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம்னு பஸ் போற இடமாப் பார்த்து, ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல. ஆண்களுக்கு ஒரு கம்பி, பெண்களுக்கு ஒரு கம்பி, ரப்பர் தட்டு, பலகை மேடை. எல்லாத்தையும்விட முக்கியம், சம்பளம் கொடுத்து ஒரு பயிற்சியாளர். சாயங்காலப் பயிற்சி முடிஞ்சா பிள்ளைக்கு ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல்.

அரசாங்கம் செய்யிற வரைக்கும் நாமளும் சும்மா இருக்க வேண்டாம். கொடைக்கு நாம பிரிக்கிற வரியில ஒலிபெருக்கிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எவ்வளவு போகுதுன்னு கமிட்டிக்காரங்களுக்குத் தெரியும். மூணு ஊர் சேர்ந்து ஒரு வருசம் அதுல ஒரு பங்கை ஒதுக்கினா முதல் கம்பியை வாங்கிடலாம். ஊருக்கு ஒரு பார் வேணும்னு நான் பேச்செடுத்தப்ப, "ஏற்கனவே ஒண்ணு இருக்கே மாமா"ன்னு ஒரு பையன் டாஸ்மாக் பக்கம் கையைக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அவனுக்கும் பத்தொன்பது வயசுதான். சாயங்காலம் ஆனா போறதுக்கு அந்த ஒரு இடம்தான் நாம அவனுக்கு வச்சிருக்கோம்.

வர்ற மாசம் கிராமசபைக் கூட்டத்துல இதை ஒரு தீர்மானமா எழுதிக் கொடுக்கப் போறேன். பக்கத்து ஊர்க்காரங்களும் உங்க ஊர்ல கொடுங்க. ஒரே மாதிரி பத்துத் தீர்மானம் போனா ஆட்சியர் அலுவலகத்துல ஒரு தடவையாவது எடுத்துப் படிப்பாங்க. ராணுவத்துலயோ ரயில்வேயிலயோ இருந்து பளு தூக்கிப் பழகி, ஓய்வு பெற்று இந்தப் பக்கம் ஊரோட இருக்கிற பெரியவங்க யாராவது இருந்தா, தயவுசெஞ்சு முன்வாங்க. கம்பிக்கு நாங்க பொறுப்பு. எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக்கொடுக்க நீங்க வந்தாப் போதும்.